ஈரம் இருந்திருக்கலாம்

அந்தப் பீங்கான் கம்பெனியில் அவளை எல்லோரும் வக்கீலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டப் புத்தகத்தின் அட்டையைக்கூட அவள் தொட்டதில்லை. புகார் மேசையில் போன் எடுக்கிற வேலை. எதிர்முனையில் கொதித்துக்கொண்டு வருகிற ஆளைக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு, தண்ணீர் தெளித்த பால் மாதிரி அடங்கவைத்து, "என்மேலதாங்க தப்பு" என்று அவர் வாயாலேயே சொல்லவைத்து அனுப்புவாள். அதனால் வந்த பெயர்.

கம்பெனி செய்தது ஓவனில் வைத்துச் சமைக்கிற பீங்கான் பாத்திரங்கள். கனமானவை, அழகானவை, பரிசு கொடுக்க ஏற்றவை. உடைகிறவை. பீங்கான் ஏன் விரிசல் விடுகிறது என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். சூடு பட்டால் எதுவும் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். இரும்பு கொஞ்சம் வளைந்து கொடுத்துச் சமாளித்துக்கொள்ளும். பீங்கானுக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது. ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் நின்றால் நடுவில் பிளந்துகொள்ளும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே சூடான ஓவனுக்குள் தள்ளினால் பிளக்கும். ஓவனிலிருந்து எடுத்ததை ஈர மேடையில் வைத்தால் பிளக்கும். சூட்டோடு குழாயடியில் காட்டினால் கேட்கவே வேண்டாம். கேஸ் அடுப்பின் தீயில் நேராக வைத்தவர்கள் உண்டு. உள்ளே ஒன்றுமில்லாமல் வெறும் பாத்திரத்தைக் காயவிட்டவர்கள் உண்டு. இரும்புக் கரண்டியால் சுரண்டுவார்கள், ஒன்றின் மேல் ஒன்றாக நங்கென்று அடுக்குவார்கள். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் ஒன்று விழுந்து, சத்தம் போடாமல் காத்திருந்து, நாலு மாதம் கழித்து விருந்தாளி வந்த அன்றைக்கு வாயைத் திறக்கும்.

இதில் ஒன்றைக்கூடச் செய்யாத சமையலறை உலகத்தில் கிடையாது. அந்த ஒன்றைத் தோண்டி எடுத்துவிட்டால் போதும். அவளுடைய வித்தையே அதுதான்.

"பாத்திரத்துக்குள்ள என்ன இருந்தது மேடம்?"

"மீனுங்க."

"மீன் ஃப்ரிட்ஜ்ல இருந்ததா?"

"ஆமா. ஆனா வெளிய எடுத்து வெச்சுட்டுத்தாங்க ஓவன்ல போட்டேன்."

"நல்லது மேடம். எவ்வளவு நேரம் வெளிய இருந்திருக்கும்?"

"அது... கொஞ்ச நேரம்."

"அடியில தொட்டுப் பாத்தீங்களா? சில்லுனு இருந்ததா?"

அங்கே ஒரு சின்ன மௌனம் விழும். அந்த மௌனம் விழுந்துவிட்டால் கதை முடிந்தது என்று அர்த்தம். "இருந்திருக்கும்" என்பார்கள். அதற்குப் பிறகு அவள் குரல் கனிந்துவிடும். அடுத்த முறை பாத்திரத்தை அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், ஓவன் சூடாவதற்கு முன்னாலேயே உள்ளே வைத்துவிடுங்கள், எடுத்ததும் மரப்பலகையிலோ மடித்த துணியிலோ இறக்குங்கள் என்று சொந்த வீட்டுப் பெண்ணுக்குச் சொல்வதுபோல் சொல்வாள். திட்ட வந்தவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்பார் மேலாளர், அவள் மேசையைக் கடக்கும்போதெல்லாம். பாராட்டு என்று அவர் கொடுப்பது அது ஒன்றுதான். அவளும் அதை வாங்கிக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரிப்பாள்.

அந்த வருஷம் மழை விட்ட சமயத்தில் அவளுடைய தங்கை ஒற்றைப் பையோடு வந்து வாசலில் நின்றாள். அப்பா அம்மா போனபிறகு சின்னவளுக்குப் போக்கிடம் என்று இருந்தது அக்கா வீடு மட்டும்தான். வக்கீலம்மாவின் பிள்ளை வெளியூரில் படித்துக்கொண்டிருந்ததால் ஓர் அறை காலியாகத்தான் கிடந்தது.

சின்னவளின் புருஷன் கடிகாரம் பழுதுபார்க்கிறவன். அடி உதை கிடையாது, குடி கிடையாது. தங்கமான மனுஷன் என்று ஊரே சான்றிதழ் கொடுக்கும். அவனிடம் இருந்தது ஒரே ஒரு பழக்கம். கேட்பான். பால் பொங்கினால், "பொங்கும்போது நீ எங்க நின்ன?" என்பான். ஜன்னலோரம் என்றால், "ஜன்னலுக்கு வெளிய என்ன இருந்தது?" என்பான். தெரு என்றால், "தெருவுல யாரு?" என்பான். குரல் உயராது. கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பல்சக்கரத்தில் தூசி தேடுவதுபோல் நிதானமாகத் தேடுவான். கடைசியில் அவள், "சரி, என்மேலதான் தப்பு, போதுமா?" என்று சொன்னபிறகுதான் சாப்பிடவே உட்காருவான்.

வயிற்றில் தங்கியிருந்தது கலைந்துபோனபோதும் கேட்டான். எந்தப் படியில் கால் வைத்தாய், ஏன் அவசரமாக இறங்கினாய், கையில் என்ன இருந்தது, அதை யார் தூக்கச் சொன்னது என்று, ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் தலையைத் தடவிக்கொண்டே கேட்டான். டாக்டர், இதற்கு யாரும் காரணமில்லை, சில சமயம் இப்படி ஆகும் என்று சொல்லியிருந்தார். அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அக்கா, நான் ஒண்ணுமே பண்ணலக்கா" என்று சின்னவள் வந்த அன்று சொன்னாள்.

வக்கீலம்மா அவள் பையை வாங்கிக் கீழே வைத்தாள். "இங்க உன்னை யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்கடி. இஷ்டம்போல இரு" என்று கட்டிக்கொண்டாள். அவள் அதை மனசாரத்தான் சொன்னாள்.

சின்னவளுக்குக் கை மணக்கிற சமையல். வந்த சில நாளிலேயே அடுப்படி அவள் பொறுப்பாகிவிட்டது. வக்கீலம்மாவின் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிறவர். வாயைத் திறந்தால் காசு கொட்டிப்போகும் என்பதுபோல் இருக்கிற ஆள். அவரே ஒருநாள் கையைக் கழுவிக்கொண்டே, "இன்னிக்கு நல்லா இருந்தது" என்றார். அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் அந்த மனுஷர் வெட்கப்பட்டு எழுந்து போய்விட்டார்.

கம்பெனியில் அப்போது புதிதாக நீலப் பாத்திரம் வந்திருந்தது. மழைக்குப் பிறகு வெளுக்கிற வானத்தின் நீலம். கடைகளில் வைத்த மாத்திரத்தில் விற்றுத் தீர்ந்தது. வேலை செய்கிறவர்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். வக்கீலம்மா அதைத் தங்கையின் கையில் கொடுத்து, எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பாடம் எடுத்தாள். குளிர்ச்சியும் சூடும் சந்திக்கக் கூடாது. இரும்புக் கரண்டி படக் கூடாது. அடுக்கும்போது நடுவில் துணி. கழுவுமுன் ஆறவிடணும். சுண்டினால் கணீரென்று கேட்கணும். மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல், தூக்கிப் போட்டுவிடணும்.

சின்னவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். கேட்டபடியே செய்தாள். அவள் புருஷன் வீட்டில் இருந்த வருஷங்களில் அவளுக்கு ஒரு சுபாவம் வந்திருந்தது. எதைத் தொட்டாலும், பிறகு யாராவது கேட்டால் பதில் சொல்லும்படியாகத் தொடுவாள். பாத்திரத்தைச் சுண்டிப் பார்க்காமல் அவள் ஒருநாளும் எடுத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். உருளைக்கிழங்கை மெல்லிசாக அரிந்து, பால் ஊற்றி, சீஸ் தூவி ஓவனில் வைத்திருந்தாள். வக்கீலம்மா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் டப்பென்று ஒரு சத்தம். தொடர்ந்து, அலறல் என்றுகூடச் சொல்ல முடியாத, மூச்சை உள்ளே இழுக்கிற ஒரு சத்தம்.

ஓடிப் போய்ப் பார்த்தால், சின்னவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஓவனிலிருந்து எடுத்துப் பலகைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே, கையில் இருக்கும்போதே பாத்திரம் இரண்டாகப் பிளந்துவிட்டது. கொதிக்கிற பாலும் உருகிய சீஸும் வலது முன்கையிலும் காலிலும் கொட்டி, கால்மேல் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. கொல்லைப்பக்கம் இருந்த வீட்டுக்காரர் அதற்குள் ஓடி வந்து, வாளியில் தண்ணீரைப் பிடித்து அவள் காலில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

வக்கீலம்மா குனிந்தாள். அவள் கை முதலில் போனது தங்கையிடம் அல்ல, நீலத் துண்டிடம். எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்து நேரா வெச்சியா?"

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். வலியில் உதடு நீலம் பாரித்திருந்தது.

"இல்லக்கா. ஃப்ரிட்ஜ்லயே வெக்கல."

"ஓவன் முன்னாடியே சூடா இருந்ததா?"

"உள்ள வெச்சுட்டுத்தான் போட்டேன்."

"கைத்துணி ஈரமா?"

"காஞ்ச துணிக்கா."

"நடுவுல திறந்து பால் ஏதும் ஊத்தினியா? சில்லுனு?"

"இல்ல. நீ சொன்ன மாதிரிதான் எல்லாம் பண்ணேன். காலையில சுண்டிக்கூடப் பாத்தேன்."

கண்ணீர் ஒரு பக்கம் வழிய, ஒவ்வொரு கேள்விக்கும் ஒழுங்காக, வரிசையாகப் பதில் சொன்னாள். சொல்லிப் பழகின வாய். வீட்டுக்காரர் வாளியைக் கீழே வைத்தார். "நீ ஆபீஸ்லேருந்து வீட்டுக்கு வந்துட்டேன்னு நெனச்சேன்" என்றார் மனைவியிடம். "மொதல்ல வண்டியைக் கூப்பிடு."

டாக்டர் கட்டுப் போட்டு அனுப்பினார். கை ஆறிவிடும், காலில் தழும்பு நிற்கும் என்றார்.

மறுநாள் வக்கீலம்மா அந்த நீலத் துண்டைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு, கம்பெனியின் பின்பக்கம் சூளைக்குப் போனாள். சூளைக்காரர் அங்கே நெடுநாள் ஆள். கண்ணிமை ரோமமெல்லாம் சூட்டில் கருகி, முகம் எப்போதும் ஏதோ ஆச்சரியப்பட்டது மாதிரி இருக்கும். அவர் துண்டை வாங்கி, உடைந்த விளிம்பை நாக்கில் வைத்தார்.

"நீயும் வெச்சுப் பாரு."

அவள் தயங்கி, வைத்தாள். துண்டு நாக்கோடு ஒட்டிக்கொண்டது. இழுத்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது.

"வெந்த பீங்கான் நாக்குல வழுக்கும். இது வேகல. பச்சப்புள்ள மாதிரி தண்ணி குடிக்கும். ஒவ்வொரு தடவை கழுவும்போதும் அடிவழியா கொஞ்சம் உறிஞ்சிக்கும். அந்தத் தண்ணி ஓவன்ல ஆவியாகி வெளிய வர வழியில்லாம உள்ளயே முட்டும். எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

"ஏன் வேகல?"

"முழுச் சூட்டுக்கு இந்த நீலம் நிக்க மாட்டேங்குது, சாம்பல் நிறமாயிடுது. உங்க சார் வந்து, சூட்டைக் கொறைச்சு சீக்கிரமா எறக்குன்னார். எறக்குனேன்." துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "உனக்கு போன் வரலியா?" என்றார்.

"வருது."

"என்ன சொல்ற?"

அவள் துண்டைக் கைக்குட்டையில் சுற்றத் தொடங்கினாள். சூளைக்காரர் சிரித்தார். "சரிதான். நான் வேகாம எறக்கறேன், வாங்கினவங்களை நீ வேகவெச்சு அனுப்பற."

அவள் திரும்பி மேசைக்கு வந்தாள். நீலத்தைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே போன் அதிகம்தான். அவளுக்குத் தெரியாமல் இல்லை. நிறைய விற்கிறது, நிறைய உடைகிறது என்று நினைத்திருந்தாள். அல்லது அப்படி நினைக்க வசதியாக இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்றை ஒப்புக்கொண்டுதான் போனார்கள். ஒரு பெரியவர் இருந்தார். மனைவி போய், தனியாகச் சமைக்கக் கற்றுக்கொண்டிருந்தவர். "நான் எல்லாம் சரியாத்தான்மா செஞ்சேன்" என்று சத்தியம் செய்தார். அவள் விடவில்லை. கடைசியில் அவர் குரல் தேய்ந்து, "ஒருவேளை நான்தான் மறந்துட்டேனோ என்னமோ. இப்பல்லாம் எதுவும் ஞாபகம் நிக்கறதில்ல. அவ இருக்கும்போது அடிக்கடி சொல்லுவா, உங்களுக்கு ஒரு வேலை உருப்படியா வராதுன்னு" என்று எங்கோ போய்விட்டார். அன்று போனை வைத்துவிட்டு அவள் பக்கத்து மேசைக்காரியிடம், "ரொம்ப நேரம் இழுத்துட்டாரு" என்று சொல்லி டீ குடித்தாள்.

நீலம் வேகாதது என்றால், அந்தப் பெரியவர் எதையும் மறக்கவில்லை.

அந்த நினைப்பை அவளால் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, கீழே போடவும் முடியவில்லை. சூளைக்காரருக்கு என்ன தெரியும், நாக்கு ஒரு சாட்சியா என்று தோன்றியது. சின்னவள் ஏதாவது செய்திருப்பாள். செய்யாதவர்கள் யார் இருக்கிறார்கள்? இப்படி நினைத்ததும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

அந்த வாரத்திலேயே மேலாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"நேத்து நீ டீ குடிக்கப் போயிருந்தப்போ ஒரு போன் வந்துதாம். நீலம் உடைஞ்சு கால் வெந்துபோச்சாம். அட்டைப்பெட்டியில இருக்கற நம்பரைப் பாத்துப் பண்ணாங்களாம். வேற யாருக்கும் இப்படி ஆகக்கூடாதுன்னுதான் சொல்றேன்னு சொன்னாங்களாம்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உன் வீட்டு விலாசம்."

"என் தங்கச்சி சார்."

"தெரியும். நீயே பேசிடு. பதிவாகற லைன்ல. ஒரே ஒரு 'ஆமா' போதும்."

"சார், அவ எல்லாம் சரியாத்தான் செஞ்சா. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"பக்கத்துல நின்னு பாத்தியா?"

"இல்ல..."

"எங்க இருந்த?"

"கூடத்துல."

"கூடத்துலேருந்து சமையக்கட்டு தெரியுமா?"

மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையில் பரிவுகூட இருந்தது.

"இத பாரும்மா. நீலத்துல கோளாறுன்னு வெளிய வந்தா, இதுவரைக்கும் பேசி அனுப்பினவங்க எல்லாம் திரும்பி வருவாங்க. அவங்ககிட்ட பேசினது நான் இல்ல. ஒவ்வொரு பதிவுலயும் உன் குரல்தான் இருக்கு. யோசிச்சுக்க."

யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அவளே ஏற்கெனவே யோசித்து வைத்திருந்ததைத்தான் அவர் எடுத்துச் சொன்னார்.

போனை எடுத்துத் தன் வீட்டு எண்ணையே அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. கட்டுப் போட்ட காலோடு நடந்து வந்து எடுக்க வேண்டுமே என்று ஒரு கணம் தோன்றியது.

"ஹலோ?"

"சின்னவளே, நான்தான். கம்பெனியிலேருந்து பேசறேன். நீ போன் பண்ணியிருந்தியாமே."

"ஆமாக்கா. உனக்கு சங்கடமாயிடும்னுதான் உங்கிட்ட சொல்லல. உன் பேரை எங்கயும் சொல்லலக்கா நான்."

"பரவால்ல. நாலு கேள்வி கேக்கணும். எல்லாருக்கும் கேக்கறதுதான்."

"அன்னிக்கே கேட்டியே."

"இது கம்பெனிக்கு."

"சரி, கேளு."

கேட்டாள். ஃப்ரிட்ஜ், ஓவன், துணி, கரண்டி. எல்லாவற்றுக்கும் அன்று சொன்ன பதிலையே சொன்னாள் சின்னவள், ஒரு சொல்கூட மாறாமல். மேலாளர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"முந்தின நாள் பாத்திரத்தைக் கழுவினியா?"

"கழுவினேன்."

"கழுவி எங்க வெச்ச?"

"மேடையில, துணி மேல. கவுத்து."

"காஞ்சுதா?"

"காலையில துடைச்சேன்க்கா."

"உள்பக்கம் துடைச்ச. அடியில?"

"அடியிலயும்தான் துடைச்சிருப்பேன்."

"துடைச்சியா, துடைச்சிருப்பியா?"

மறுமுனையில் அந்த மௌனம் விழுந்தது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த மௌனம். இங்கே நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. நாக்கு நிற்கவில்லை.

"அடியில பளபளப்புப் பூச்சு இல்லாத ஒரு வளையம் இருக்கும், சொரசொரன்னு. அதைத் தொட்டுப் பாத்தியா?"

"தொட்டுப் பாக்கல."

"அப்போ ஈரம் இருந்திருக்கலாம்."

"அக்கா..."

"இருந்திருக்கலாமா, இல்லையா? அது மட்டும் சொல்லு."

"இருந்திருக்கலாம்" என்றாள் சின்னவள். பிறகு அவள் குரல் சட்டென்று தட்டையாகிவிட்டது. அழுகை இல்லை, கோபமும் இல்லை. "சரிக்கா. என்மேலதான் தப்பு. போதுமா?"

மேலாளர் போதும் என்று கையை உயர்த்திக் காட்டிவிட்டு எழுந்து போனார். வழக்கமாக இந்த இடத்தில் அவள் சொல்கிற யோசனைகள் உண்டு. கழுவியபின் அடியை மேலே பார்த்து வைத்து முழுசாகக் காயவிடுங்கள் என்று தொடங்கும். அவள் வாயைத் திறந்தாள். சின்னவள் அதற்குள் போனை வைத்துவிட்டிருந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது, சின்னவளின் பை கூடத்தில் இருந்தது. அவள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரர் கடைக்குப் போகாமல் ஜன்னலோரம் நின்றிருந்தார்.

"அவருக்கு போன் பண்ணிட்டேன். வந்துட்டிருக்காரு."

"எதுக்குடி? அங்க போய் என்ன பண்ணப் போற? சின்னவளே, அது வேலைடி. என் நிலைமை உனக்குப் புரியாதா?"

"புரியுதுக்கா. உன்மேல எனக்குக் கோவம் இல்ல."

"பின்ன?"

சின்னவள் கொஞ்ச நேரம் கட்டின் ஓரத்து நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "அங்க பழகிப்போச்சு. இங்கதான் புதுசா வலிக்குது."

வக்கீலம்மா கணவரைப் பார்த்தாள். அவர் ஏதாவது சொல்லித் தடுப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சின்னவளைப் பார்த்து, "போகாதம்மா" என்று மட்டும் சொன்னார். மனைவியின் பக்கம் அவர் பார்வை வரவில்லை.

கடிகாரக்காரன் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தான். பழம் வாங்கி வந்திருந்தான். மனைவியின் அக்காவை, சகலையை எல்லோரையும் மரியாதையாக விசாரித்தான். மண்டியிட்டு உட்கார்ந்து மனைவியின் காலைப் பார்த்தான். அவன் கண் கலங்கியது, அது நடிப்பில்லை.

"எப்படி ஆச்சு?"

"பாத்திரத்து அடியில ஈரம் இருந்தது. கவனிக்காம வெச்சுட்டேன்" என்றாள் சின்னவள்.

"கவனிக்கக் கூடாதா?" என்றான் அவன். "அந்த நேரத்துல என்ன யோசனையில இருந்த?"

"ஒண்ணுமில்லங்க."

"ஒண்ணுமில்லாம எப்படி?" என்று கேட்டுக்கொண்டே பையைத் தூக்கித் தோளில் மாட்டி, அவளைக் கைத்தாங்கலாக எழுப்பினான். படியிறங்கும்போது, "பாத்து, பாத்து" என்றான். வக்கீலம்மா வாசல்வரை போனாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்த ஈரத்தைக் கண்டுபிடித்தது நான்தான், அவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வண்டி கிளம்பும்வரை நின்றுவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

வீட்டுக்காரர் அன்றிலிருந்து அவளிடம் சண்டை ஏதும் போடவில்லை. தேவைக்குப் பேசுவார். தட்டைத் தானே கழுவி வைப்பார். சாப்பாடு நன்றாக இருந்ததா என்று ஒருநாள் அவள் கேட்டதற்கு, "எதுக்குக் கேக்கற?" என்றார். அதற்குப் பிறகு அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

நீலம் பிறகும் கொஞ்ச காலம் விற்றது. அப்புறம் பெரிய கடைக்காரர் ஒருவர் தன் ஆட்களைவைத்துச் சோதித்துவிட்டுச் சரக்கைத் திருப்பியனுப்பினார். அறிவிப்பு எதுவும் கிடையாது. சூளையில் சூட்டைப் பழையபடி ஏற்றினார்கள். நீலம் கருகிச் சாம்பல் நிறமாக வெளியே வந்தது. மேலாளர் அந்தச் சாம்பலுக்கு 'மேகம்' என்று பெயர் வைத்து, அதுவே புதிய வகை என்று கடைக்கு அனுப்பினார். அதுவும் நன்றாகத்தான் விற்றது. சூளை முழுசாக எரிந்ததால் அது உடையவில்லை. அவளைப் புகார் மேசைக்குத் தலைமையாக்கினார்கள். புதிதாக வந்த பெண்களுக்குக் கேட்கச் சொல்லிக்கொடுக்கிற வேலை.

நீலத்தை நிறுத்திய செய்தி உறுதியானதும் அவள் தங்கைக்கு போன் செய்தாள். கடிகாரக்காரன் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் செய்தாள். சின்னவளே எடுத்தாள். பின்னால் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"கால் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குக்கா. செருப்பு போட்டா மட்டும் உராயும்."

"சின்னவளே, அந்த நீலத்தை நிறுத்திட்டாங்கடி. அது வேகாத பாத்திரம். உன்மேல ஒரு தப்பும் இல்ல."

"தெரியும்க்கா."

"தெரியுமா? எப்பலேருந்து?"

"அன்னிக்கே. நீ கேக்க ஆரம்பிச்ச விதத்துலயே தெரிஞ்சுபோச்சு. நெஜமாவே எம்மேல தப்பு இருந்திருந்தா, நீ திட்டியிருப்ப. அவ்வளவு பொறுமையா கேட்டிருக்க மாட்ட."

"அப்புறம் ஏண்டி ஒத்துக்கிட்ட?"

"உனக்கு அது வேண்டியிருந்தது. குடுத்துட்டேன்" என்றாள் சின்னவள். தண்ணீர்ச் சத்தம் நின்றது. தூரத்தில் கதவு திறக்கிற ஓசை. அவன் சாப்பிட வந்துவிட்டான் போலிருக்கிறது. "யாரு போன்ல?" என்று அவன் குரல் கேட்டது. "அக்கா" என்றாள். பிறகு லைன் போய்விட்டது.

அடுத்த முறை கூப்பிட்டபோது அவன்தான் எடுத்தான். சின்னவள் குளிக்கிறாள் என்றான். அதற்கடுத்த முறையும் அவன்தான். அவள் தூங்குகிறாள் என்றான்.

"ஏதாவது விஷயமா?" என்று கேட்டான் நிதானமாக.

"இல்ல, சும்மாதான் கூப்பிட்டேன்" என்றாள் வக்கீலம்மா.

"சும்மான்னா?" என்றான் அவன்.